உவமை எங்கே முடிகிறது, ஏது எங்கே தொடங்குகிறது

அணி இலக்கணம் படித்தவர்களில் பெரும்பாலோருக்கு அதிலிருந்து மிஞ்சியது ஒரு வேட்டைப் பழக்கம். பாட்டில் 'போல' தென்பட்டால் உவமை அணி. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் பின்வருநிலை அணி. இரண்டு மதிப்பெண், அடுத்த கேள்வி. இணையத்தில் வாதம் செய்கிறவர்கள் கையில் வேறொரு சீட்டுக்கட்டு இருக்கிறது: ஸ்ட்ராமேன் (வைக்கோல் பொம்மை: எதிராளி சொல்லாததைச் சொன்னதாக்கி மறுப்பது), அட் ஹோமினம் (கருத்தை விட்டு ஆளைத் தாக்குவது), வாட்டபவுட்டரி ('அப்போ அது மட்டும் சரியா?' என்று திருப்புவது). எதிராளி வாயைத் திறந்ததும் ஒரு சீட்டை இறக்கிவிட்டு ஆட்டம் முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். இரண்டு இடத்திலும் நோய் ஒன்றுதான். பெயர் வைத்தவுடன் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

தமிழில் அணிக்கான கலைச்சொற்கள் ஒரு பெட்டியிலும் வாதத்துக்கான கலைச்சொற்கள் இன்னொரு பெட்டியிலும் கிடக்கின்றன. அணிக்குத் தொல்காப்பிய உவமவியலும் தண்டியலங்காரமும். வாதத்துக்கு மணிமேகலையின் 27, 29ஆம் காதைகள். தமிழ் வகுப்பில் முன்னதைப் படிப்போம். பின்னதை 'சமயத் தத்துவம், கடினம்' என்று தாண்டிவிடுவோம். ஆனால் மேடையிலும் டீக்கடையிலும் நம் வாதங்கள் பெரும்பாலும் உவமையின் தோளில் ஏறித்தான் வருகின்றன. ஆகவே இரண்டு பெட்டியையும் ஒரே வாக்கியத்தின் பக்கத்தில் திறந்து வைத்தால்தான் அவை கருவிகளாகும்.

அடிக்கடி காதில் விழும் ஒரு வாதத்தை எடுத்துக்கொள்வோம். அரசுப் பேருந்துக்கு மானியம் கொடுப்பது வீண் என்பது கருத்து. ஓட்டைப் பானை என்பது படம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று பாருங்கள்.

"ஓட்டைப் பானையில் ஊற்றிய நீர் போல மானியம் ஒழுகிப் போகிறது." இது உவமை. நான்கு உறுப்பும் வெளியே தெரிகின்றன: மானியம் என்ற பொருள், நீர் என்ற உவமை, 'போல' என்ற உருபு, ஒழுகிப் போதல் என்ற பொதுத்தன்மை.

'போல' என்பதை எடுத்துவிட்டு இரண்டு தனி வாக்கியங்களாக நிறுத்தினால்: "ஓட்டைப் பானையில் ஊற்றிய நீர் நிற்பதில்லை, நட்டத்தில் ஓடும் வண்டிக்குக் கொடுத்த பணம் தங்குவதில்லை." இது எடுத்துக்காட்டு உவமை. "மானிய நீரை நட்டப் பானையில் ஊற்றுகிறார்கள்" என்று இரண்டையும் ஒன்றாகவே ஆக்கினால் உருவகம். பேருந்தைப் பற்றிப் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் "ஓட்டை உள்ளது எதுவும் நிறையாது" என்று ஊரறிந்த பொது உண்மை ஒன்றை வைத்தால் வேற்றுப்பொருள் வைப்பு. பேருந்தின் பெயரையே எடுக்காமல் "ஓட்டையை அடைக்காமல் கிணற்றில் தூர் எடுத்து என்ன புண்ணியம்?" என்று மட்டும் சொன்னால் பிறிது மொழிதல்.

படம் ஒன்று, பெயர் ஐந்து. தேர்வுக்கு இது போதும். வாதத்தைப் படிக்கிறவருக்கு வேண்டியது அடுத்த விஷயம்: ஒவ்வொரு வடிவத்திலும் பேசுகிறவர் எதை வெளியே வைக்கிறார், எதை மறைத்துக்கொள்கிறார்?

உவமையில் பொதுத்தன்மை வெளியே கிடக்கிறது. 'ஒழுகுகிறதா, எங்கே ஒழுகுகிறது?' என்று கேட்டுவிடலாம். எடுத்துக்காட்டு உவமையில் உருபு மறைகிறது, ஆனால் இரண்டு வாக்கியமும் கண்முன் நிற்பதால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். உருவகத்தில் பொதுத்தன்மை உள்ளே கரைந்துவிட்டது; கேட்பவர் அதை அறியாமலே ஒப்புக்கொண்டுவிடுகிறார். வேற்றுப்பொருள் வைப்பு இவற்றைவிடத் தந்திரமானது. தண்டியலங்காரம் அதற்குத் தரும் இலக்கணத்தில் 'உலகறி பெற்றி' என்று ஒரு தொடர் வருகிறது. உலகம் முழுக்க அறிந்த தன்மையை ஏற்றிவைத்துத் தொடங்கியதை முடிப்பது இந்த அணி. பழமொழியை வாலில் கட்டும் பேச்செல்லாம் இதுதான். பழமொழி உண்மை என்பதால் அதற்கு முன்னால் சொன்னதும் உண்மை போல ஒலிக்கிறது. பிறிது மொழிதலிலோ மறுக்க ஒரு கூற்றே கிடையாது.

இந்தப் பகுப்பில் கைதவறும் இடங்கள் சில உண்டு. முதலாவது, 'போல' இருப்பதெல்லாம் உவமை அல்ல. "மழை வரும் போலிருக்கிறது" என்பது ஊகம். "சொன்னதுபோல் செய்தான்" என்பதில் இரண்டு பொருள்கள் ஒப்பிடப்படவில்லை. சொன்ன விதமே செய்த விதம். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் "வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட" என்று வரும் இடத்தில் 'போல்' இருந்தும் அது தற்குறிப்பேற்றம். சோதனை எளிது: அந்த நிகழ்ச்சி எப்படியும் இயல்பாக நடப்பதா? காற்றில் கொடி ஆடத்தான் செய்யும். அந்த ஆட்டத்துக்குக் கோவலனைத் தடுக்கும் காரணத்தைக் கவிஞர் ஏற்றினார். இயல்பான நிகழ்ச்சியோடு ஏற்றிய காரணமும் சேர்ந்தால் தற்குறிப்பேற்றம். செய்தித் தலைப்புகளில் இது ஏராளம். பங்குச் சந்தை இறங்கியது என்பது நிகழ்ச்சி. 'பட்ஜெட்டைக் கண்டு சந்தை முகம் சுளித்தது' என்பது கோட்டைக் கொடி.

இரண்டாவது, உவமைத்தொகையையும் உருவகத்தையும் குழப்புவது. மலர்முகம் உவமைத்தொகை, முகமலர் உருவகம் என்று வரிசையை வைத்துச் சொல்லித் தருவார்கள். சரிதான், ஆனால் சந்தேகம் வந்தால் வினைச்சொல்லைப் பாருங்கள். 'மலர்முகம் சிரித்தது' என்றால் சிரிப்பது முகத்தின் வேலை. முகம் இன்னும் முகமாகவே இருக்கிறது. 'முகமலர் விரிந்தது' என்றால் விரிவது மலரின் வேலை. வினை எதற்கு உரியதோ அதுதான் ஆட்சி செய்கிறது. அரசியல் கட்டுரைகளைப் படிக்கும்போது இந்த ஒரு சோதனை நிறைய உழைக்கும். 'கடன் சுமை' என்பது பழகிப்போன சொல், யாரும் கவனிப்பதில்லை. 'கடன் சுமையை அடுத்த தலைமுறையின் முதுகில் ஏற்றுகிறார்கள்' என்றதும் வினை முழுக்கச் சுமைக்குப் போய்விட்டது. இனி வாதம் கடனைப் பற்றியதாக இராது, முதுகைப் பற்றியதாகிவிடும்.

சரி, பொதுத்தன்மையை வெளியே எடுப்பது எப்படி? தொல்காப்பியம் நான்கு இடங்களைக் காட்டுகிறது: "வினைபயன் மெய்உரு என்ற நான்கே." செய்யும் தொழில், விளையும் பயன், வடிவம், நிறம். தண்டியலங்காரம் இதைப் பண்பு, தொழில், பயன் என்று மூன்றாகச் சொல்கிறது. எந்த ஒப்புமையானாலும் இந்த நான்கில் எதன் வழியாக ஒத்திருக்கிறது என்று எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் எழுதினால் போதாது, இரண்டு பக்கத்துக்கும் எழுத வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது பக்கத்தைத்தான்.

செய்துகாட்டியவர் பரிமேலழகர். "அகர முதல எழுத்தெல்லாம்" என்ற முதல் குறளுக்கு அவர் எழுதிய உரையை அணிப்பெயருக்காக மட்டும் புரட்டுகிறவர்கள் 'எடுத்துக்காட்டுவமை' என்ற சொல்லைக் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர் அதோடு விடவில்லை. 'தலைமை பற்றி வந்த' எடுத்துக்காட்டுவமை என்கிறார். அதாவது பொதுத்தன்மைக்குப் பெயர் கொடுத்துவிட்டார். பிறகு, அகரத்துக்குத் தலைமை எதனால் வந்தது, ஆதிபகவனுக்குத் தலைமை எதனால் வந்தது என்று இரண்டையும் தனித்தனியே சொல்கிறார். அகரம் விகாரமில்லாமல் இயல்பான நாதமாகவே பிறக்கிறது. இறைவன் செயற்கை அறிவால் அன்றி இயற்கை அறிவால் முற்றும் உணர்கிறான். சொல் ஒன்று, காரணம் இரண்டு. இந்த இரண்டு காரணத்தையும் எழுதிப் பார்த்தால்தான் 'தலைமை' என்ற ஒரே சொல் இரண்டு பக்கமும் ஒரே எடையில் நிற்கிறதா என்பது தெரியும்.

அந்த உரையில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. காணப்பட்ட உலகத்தைக் கொண்டு காணப்படாத கடவுளுக்கு உண்மை சொல்ல வேண்டியிருப்பதால் 'முதற்றே உலகு' என்று உலகின்மேல் வைத்துக் கூறினார் என்கிறார். கவனியுங்கள். எழுத்தைக் காட்டிக் கடவுளை நிறுவியதாக அவர் சொல்லவில்லை. நிறுவும் வேலை காணும் உலகத்திடம் போகிறது, அது அனுமானம். அகரத்துக்கு விளக்கும் வேலை மட்டும், அது உவமை. இரண்டுக்கும் நடுவே அவர் கோடு போட்டுவிட்டார். நம் பானை வாதத்தில் காணாமல் போனது அந்தக் கோடுதான்.

இனி இரண்டாவது பெட்டி. மணிமேகலை 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அனுமானத்தின் உறுப்புகளைச் சொல்கிறார்: பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (அதை இங்கே பொருத்துதல்), நிகமனம் (முடிவு). உதாரணம் பழையது. இம்மலை நெருப்புடைத்து, இது பக்கம். புகையுடைத்தாதலால், இது ஏது. அடுக்களை போல், இது திட்டாந்தம். மலையும் புகையுடைத்து, இது உபநயம். ஆகவே நெருப்புடைத்து, இது நிகமனம். கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்று அங்கேயே சொல்லப்படுகிறது. நடைமுறையில் மூன்று உறுப்பு போதும்.

திட்டாந்தத்திலும் 'போல்' இருக்கிறது, உவமையிலும் 'போல' இருக்கிறது. குழப்பத்தின் வேர் இங்கேதான். 'அடுக்களை போல்' என்பதற்குப் பின்னால் ஒரு பொது விதி நிற்கிறது: எங்கெங்கே புகையோ அங்கங்கே நெருப்பு. அந்த விதி மெய்யாக இருப்பதற்கு அடுக்களை ஒரு சாட்சி. 'நிலம்போலப் பொறுத்தல்' என்பதற்குப் பின்னால் அப்படி விதி கிடையாது. தன்னை அகழ்பவரைத் தாங்கும் நிலத்தைக் காட்டி, நமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றால் துலக்குகிறது, அவ்வளவுதான். ஆகவே சோதனை இது: 'போல' வந்ததும் அதற்குப் பின்னால் 'எங்கெங்கே... அங்கங்கே...' என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால், எழுதியது மெய்யாகவும் இருந்தால், அது திட்டாந்தம். எழுத வராவிட்டால் உவமை. அதை ரசிக்கலாம், அதை நம்பி முடிவெடுக்க முடியாது. அந்தப் பொது விதியைச் சொல்லாமலே எடுத்துக்காட்டை மட்டும் நீட்டுவதற்கு மணிமேகலை ஒரு பெயரும் வைத்திருக்கிறது: அநந்நுவயம். திட்டாந்தப்போலிகள், அதாவது எடுத்துக்காட்டில் நேரும் பிழைகள், பத்தில் ஒன்று.

போலிகளின் கணக்கு: பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து. நியாயப்பிரவேசம் என்ற வடமொழித் தருக்க நூலின் பட்டியலோடு ஏறக்குறைய அப்படியே ஒத்துப்போவது. முப்பத்து மூன்றையும் மனப்பாடம் செய்வதில் பயன் அதிகமில்லை என்பது என் எண்ணம். சில பெயர்களுக்கு இன்று வேலையே இல்லை. 'என் தாய் மலடி' என்று தன் சொல்லாலேயே தன்னை முறிக்கும் சுவசன விருத்தத்தை யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, கேட்டவுடன் தெரியும். தினமும் கைக்கு வரும் சிலவற்றை மட்டும் நன்றாகப் பழகலாம்.

அதில் முதன்மையானது சித்தாசித்தம். ஏதுவே ஐயத்தில் இருக்கும்போது அதைக் கொண்டு சாதிப்பது. மணிமேகலை தரும் உதாரணம்: தெரிவது ஆவியா, பனியா என்று ஐயமாக இருக்கும்போதே அதைப் புகை என்று கொண்டு நெருப்பு உண்டு எனத் துணிவது. இதைப் படித்ததும் நம் பழமொழி நினைவுக்கு வர வேண்டும். 'நெருப்பில்லாமல் புகையுமா?' அலுவலகத்தில் ஒருவரைப் பற்றி நாலு பேர் ஏதோ பேசுகிறார்கள். கடைசியில் ஒருவர் இந்தப் பழமொழியைப் போட்டுக் கதையை முடிக்கிறார். பழமொழியில் குற்றமில்லை. புகைக்கும் நெருப்புக்கும் உள்ள உறவு தருக்க நூல்களின் முதல் பாடம். கேள்வி அதற்கு ஒரு படி முன்னால் இருக்கிறது: நாலு பேர் பேசியது புகையா, பனியா? அணியாகப் பார்த்தால் வேற்றுப்பொருள் வைப்பு, வாதமாகப் பார்த்தால் சித்தாசித்தம். இரண்டு பெயரையும் சேர்த்து வைத்தால்தான் அந்தப் பேச்சு எப்படி வேலை செய்கிறது என்பது முழுதாகத் தெரிகிறது: உலகறிந்த விதியின் பளபளப்பில் ஊர் அறியாத ஏது மறைந்துகொள்கிறது.

இதே விதியைத் திருப்பிப் போட்டால் விபரீதான்னுவயம். புகையுள்ள இடமெல்லாம் நெருப்பு என்பது சரி. நெருப்புள்ள இடமெல்லாம் புகை என்பது தவறு. கொல்லன் உலையிலிருந்து எடுத்த பழுத்த இரும்பில் புகை ஏது? 'வென்றவர்கள் எல்லோரும் விடியற்காலையில் எழுந்தவர்கள். ஆகவே விடியற்காலையில் எழுந்தால் வெல்லலாம்' என்ற பேச்சு இந்த வகை.

அடுத்தது சாதாரணம். பெயரைப் பார்த்துச் சாதாரணமாக எண்ண வேண்டாம். இங்கே அதற்குப் 'பொதுவாய் இருத்தல்' என்று பொருள். ஏது சபக்கத்திலும் (நிறுவ வேண்டிய தன்மை உள்ள பொருள்கள்) விபக்கத்திலும் (அந்தத் தன்மை இல்லாத பொருள்கள்) செல்லுபடியானால் அது எதையும் நிறுவாது. 'ஒலி அழியக்கூடியது, அறியப்படுவதால்' என்பது நூல் தரும் உதாரணம். அழியும் குடமும் அறியப்படுகிறது, அழியாத ஆகாயமும் அறியப்படுகிறது. அப்புறம் ஒலி எந்தப் பக்கம்?

பானைக்குத் திரும்புவோம். வாதத்தை உறுப்புறுப்பாகப் பிரித்தால்: பேருந்து மானியத்தை நிறுத்த வேண்டும் (பக்கம்); கொடுத்த பணம் திரும்பி வராததால் (ஏது); ஓட்டைப் பானை போல் (திட்டாந்தம்). 'எங்கெங்கே' வாக்கியம்: கொடுத்த பணம் திரும்பி வராதது எதுவோ, அதற்குக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். எழுத முடிகிறது. மெய்யா? விபக்கத்தைத் தேட வேண்டும், அதாவது நிறுத்தக் கூடாதவை என்று எதிராளியும் ஒப்புக்கொள்ளும் பொருள்கள். தெருவிளக்கு. தடுப்பூசி. தீயணைப்பு வண்டி. எதிலும் போட்ட பணம் திரும்பி வருவதில்லை. ஏது விபக்கத்திலும் போய் உட்கார்ந்துவிட்டது, ஆகவே சாதாரணம். விபக்கத்தைத் தேடும்போது எதிராளி ஒப்புக்கொள்ளாத உதாரணத்தை எடுக்கக் கூடாது; எடுத்தால் அந்த உதாரணத்தைப் பற்றி ஒரு புதுச் சண்டை தொடங்கி, பழையது மறந்துபோகும்.

திட்டாந்தமும் தேறவில்லை. பானையிடம் 'கொடுத்த பணம்' இல்லை, நீர்தான் இருக்கிறது. பணம் நீராவது உருவகத்தில் மட்டும்தான். ஏதுவின் தன்மை எடுத்துக்காட்டில் இல்லை, சாதன தன்ம விகலம். விகலம் என்றால் குறை. சரி, ஓட்டைப் பானையை வீட்டில் என்ன செய்வோம்? ஓட்டையை அடைப்போம், அல்லது வேறு பானை எடுப்போம். தண்ணீர் பிடிப்பதையே நிறுத்துகிறவர் யாருமில்லை. 'நிறுத்த வேண்டும்' என்ற சாத்தியமும், அதாவது நிறுவ வேண்டிய தன்மையும், எடுத்துக்காட்டில் இல்லை. இரண்டும் குறைந்தால் உபய தன்ம விகலம்.

தொல்காப்பியத்தின் நான்கு இடங்களில் 'பயன்' என்பதை எழுதியிருந்தால் இத்தனை தூரம் வரவேண்டிய தேவையே இருந்திருக்காது. பானையின் பயன் உள்ளே வந்ததை வைத்திருப்பது. பேருந்தின் பயன் ஏறியவரை இறக்கிவிடுவது. "உவமையும் பொருளும் ஒத்தல் வேண்டும்" என்று ஒரே வரியில் நூற்பா இருக்கிறது.

இதை ஒரு பக்கத்துக்கு மட்டும் செய்வது அழுகுணி ஆட்டம். எதிர்த்தரப்பும் சும்மா இருப்பதில்லை: 'பேருந்து நகரத்தின் ரத்த ஓட்டம், அதைத் தடுத்தால் நகரம் செத்துவிடும்.' வினைச்சொல் சோதனை வைத்தால் 'செத்துவிடும்' என்பது உடம்புக்கு உரிய வினை. ரத்தம் ஓட ஒரே வழிதான் உண்டு; நகரத்தில் ரயில், ஷேர் ஆட்டோ, இருசக்கர வண்டி எல்லாம் இருக்கின்றன. பயன் ஒத்தாலும், 'வேறு வழியே இல்லை' என்ற தன்மை ஒக்கவில்லை, வாதத்தின் பாரம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. மானியம் வேண்டும் என்பவர் பயணிகள் எண்ணிக்கையையும் அவர்களுக்கு வேறு வழி உண்டா என்பதையும் காட்டியாக வேண்டும். வேண்டாம் என்பவர் அந்தப் பணம் எங்கே ஒழுகுகிறது என்று கணக்கில் காட்டியாக வேண்டும். இரண்டு தரப்பிலும் ஏது உவமைக்கு வெளியேதான் கிடைக்கும்.

பிறிது மொழிதலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் இந்தக் கருவிகள் வழுக்கும். "பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்." மயிலிறகு ஏற்றிய வண்டி, அச்சு, பாரம். வேறு ஒன்றுமில்லை. பலரோடு பகைகொள்பவன் வலியனே ஆனாலும் அவர்கள் ஒன்று சேர்ந்தால் அழிவான் என்ற பொருள் வலியறிதல் என்ற அதிகாரத்தின் இடத்தாலும் உரையாலும் கிடைக்கிறது. இதை நுவலா நுவற்சி என்பாரும் ஒட்டு என்பாரும் உளர் என்று பரிமேலழகர் குறிக்கிறார். நுவலா நுவற்சி, சொல்லாமல் சொல்வது. எனக்கு மூன்றில் பிடித்த பெயர் இதுதான். வாதத்தில் அதன் வேலையையும் அதுவே சொல்லிவிடுகிறது. மேடையில் ஒருவர் 'ஆலமரத்தின் கீழ் புல் முளைக்காது' என்று மட்டும் சொல்லிச் சிரிப்பார். கூட்டம் யாரென்று புரிந்துகொண்டு கை தட்டும். மறுநாள் கேட்டால், 'மரத்தைப் பற்றித்தானே சொன்னேன்' என்பார். இதை அனுமானமாக மாற்ற முயல்வதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பொருளைக் கேட்பது. யார் ஆல், எது புல்? பேசியவரே நிரப்பினால் பக்கம் கிடைத்துவிடும், வேலையைத் தொடங்கலாம். நாமாக நிரப்பி மறுக்கத் தொடங்கினால், அவர் சொல்லாததை மறுத்த குற்றம் நம்மேல் விழும்.

சொல்லாததை மறுப்பது என்றதும் ஸ்ட்ராமேன் சீட்டை எடுக்கிறவர்களுக்கு ஒரு சொல். நன்னூல் பாயிரம் எழுவகை மதத்தில் (இங்கே மதம் என்றால் நூலாசிரியர் கொள்ளும் நிலைப்பாடு) 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவு' என்று ஒன்றைச் சொல்கிறது. பிறர் கொள்கையை முதலில் மேற்கொண்டு, பிறகு களைவது. வைக்கோல் பொம்மைக்கு நேர் எதிர். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் இதற்காகப் பரபக்கம் என்று ஒரு பெரும்பகுதியையே ஒதுக்கியது. கண்ணால் கண்டதே உண்மை என்னும் உலகாயதன் முதல் ஒவ்வொருவர் மதமும் முதலில் வரும், மறுதலை பிறகு வரும். எதிராளி தன் கருத்து என்று ஒப்புக்கொள்ளும் வாக்கியத்தை முதலில் எழுதுவது என்ற இந்த ஒழுங்கு கைவந்துவிட்டால், ஸ்ட்ராமேன் என்ற சொல் இல்லாமலே சமாளிக்கலாம்.

அணியும் ஏதுவும் ஒரே இடத்தில் பிசகின்றி உட்காரும் ஒரு குறள் உண்டு, பழக அதை எடுத்துக்கொள்ளலாம். "தேவர் அனையர் கயவர் அவருந்தாம் மேவன செய்தொழுக லான்." உவம உருபு 'அனையர்'. பள்ளியில் வஞ்சப்புகழ்ச்சி என்று சொல்லித் தருவார்கள். புகழ்வதுபோலப் பழிப்பதைத் தண்டியலங்காரம் இலேசம் என்ற அணியில் வைக்கிறது. பலர் பார்க்காமல் விடுவது கடைசிச் சீரில் இருக்கும் 'ஆன்'. மூன்றாம் வேற்றுமை உருபு, இங்கே ஏதுப் பொருளில் வந்திருக்கிறது. பொதுத்தன்மையை ஒளிக்காமல், ஏதுவின் வடிவத்திலேயே வள்ளுவர் வெளியே வைத்துவிட்டார்: விரும்பியதைச் செய்து நடப்பதால். 'எங்கெங்கே' வாக்கியம் எழுதிப் பார்த்தால் இரண்டு பக்கமும் வினை சரியாக ஒக்கிறது. தேவரைத் தடுப்பார் இல்லை, கயவருக்கும் தடை இல்லை. ஒக்காதது அந்த வினைக்கு நாம் தரும் மதிப்பு மட்டும். குத்து அங்கே இருக்கிறது. அந்த ஏதுவை வெட்டிவிட்டு முதல் மூன்று சீரை மட்டும் மேடையில் சொன்னால் கயவர்கள் எழுந்து நின்று கை தட்டுவார்கள்.